நோன்புக்காகக் குளிசையை ஒரேயடியாக விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

2004 சுனாமிக்குப் பிறகு என் மனைவிக்குப் பதற்றத்துக்கென எழுதிக் கொடுத்த குளோனசிபாம் குளிசை பல வருடம் தொடர்ந்தது. நோன்பு வந்ததும் எங்கள் பக்கத்தில் சிலர் இத்தகைய குளிசையைத் திடீரென விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து: நடுக்கம், உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரலாம். சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப நேரத்தை மாற்றித் தரும்படி டொக்டரிடம் கேட்கலாமே!

என் மனைவியின் குளிசையை மனநல டொக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைத்தோம். கஷ்டமான வாரங்களில் அதே அளவில் நின்றோம். கணவன் செய்யக்கூடியது, அளவைக் குறித்து வைப்பதும், "பைத்தியக் குளிசை" என்று உறவுக்காரர் குத்திப் பேசாமல் தடுப்பதும்தான். இரண்டாவதுதான் கடினம்.

குளிசையைத் திடீரென விடக்கூடாது என்பதைக் கதீப்மார் றமழானுக்கு முந்திய குத்பாவில் சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

வாசகர் ஒருவர்,
சாய்ந்தமருது.