செற்றரின் கைகள்: அமெரிக்காவுக்கு வாய்ப்பதும் நமக்கு வாய்க்காததும்

2025 செப்டெம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆண்களுக்கான உலகக் கரப்பந்தாட்டச் சம்பியன்ஷிப்பின் காலிறுதியில் அமெரிக்கா பல்கேரியாவிடம் தோற்றது. முதல் இரண்டு செற்களையும் வென்றிருந்த அமெரிக்கா, அடுத்த மூன்றையும் பறிகொடுத்தது. பல்கேரிய அணியின் பந்தை எழுப்பிக்கொடுத்தவர் 18 வயதான சிமியோன் நிக்கலோவ். அதே ஆண்டு மே மாதம்வரை அவர் கலிபோர்னியாவின் லோங் பீச் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக விளையாடி, அமெரிக்கக் கல்லூரிச் சம்பியன் பட்டத்தை வென்றவர். தங்கள் கல்லூரி மைதானத்தில் விளையாடிய ஒரு பிள்ளையின் கைகளாலேயே அமெரிக்கர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். பல்கேரியா இறுதிப் போட்டிவரை சென்று இத்தாலியிடம் தோற்று, வெள்ளிப் பதக்கத்துடன் நாடு திரும்பியது.

அந்தத் தோல்விக்குப் பிறகு அமெரிக்கக் கரப்பந்தாட்ட ரசிகர்களிடம் பழைய கேள்வி ஒன்று மீண்டும் எழுந்தது: எங்கள் செற்றர்களில் யார் சிறந்தவர், அடுத்தவர் யார்? இந்தக் கேள்விக்கும் யுத்தத்தால் அலைக்கழிக்கப்பட்ட எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. ஒரு சமூகத்தில் செற்றர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தால், அந்தச் சமூகத்துக்கு எவ்வளவு காலம் குழப்பமில்லாமல் ஓரிடத்தில் இருக்கக் கிடைத்தது என்பதும் தெரியும்.

செற்றர் என்பவர் யார்?

விளையாட்டைத் தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்குப் பந்தை அறைபவர்தான் கண்ணில் படுவார். ஆனால் ஓர் அணிக்கு மூன்று தொடுகைகள்தான் உண்டு. முதலாவது எதிரணியின் பந்தைத் தாங்குவது, மூன்றாவது அடிப்பது. நடுவில் உள்ள இரண்டாவது தொடுகை செற்றருடையது. அதை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் கொடுப்பது என்பதை அவர் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். எதிரணியின் தடுப்பாளர் எங்கே சாய்கிறார், தன் அணியில் யார் களைத்திருக்கிறார், யாருக்குக் கடந்த மூன்று பந்துகளும் தவறின என்பதெல்லாம் அவருடைய நினைவில் இருக்க வேண்டும்.

உயரமும் துள்ளலும் உள்ள ஒரு பையனை இரண்டு வருடத்தில் நல்ல அடிப்பவராக்கிவிடலாம். செற்றருக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. அவருக்குத் தேவை ஆயிரக்கணக்கான மணிநேரப் பந்துத் தொடுகையும், மாறாத ஓர் அணியும், விடாமல் பக்கத்தில் நிற்கும் ஒரு பயிற்றுநரும்தான்.

பதினொரு ஒலிம்பிக், ஐந்து பேர்

1984 முதல் 2024 வரை அமெரிக்க ஆண்கள் அணி பதினொரு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியிருக்கிறது. இந்த நாற்பது ஆண்டுகளில் முதன்மைச் செற்றர் என்று சொல்லத்தக்கவர்கள் ஐந்து பேர்தான்: டஸ்ரி ட்வோராக், ஜெஃப் ஸ்ரோர்க், லோய் போல், டொனால்ட் சுக்ஸோ, மைக்கா கிறிஸ்டென்சன்.

ட்வோராக் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வென்ற அணியின் செற்றர். பயிற்றுநர் டக் பீல், எதிரணியின் சேர்வைத் தாங்கும் பொறுப்பை இரண்டே வீரர்களிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவர்தான் கார்ச் கிராய். அதனால் செற்றருக்கு நல்ல முதல் பந்து வந்துகொண்டே இருந்தது. செற்றரின் திறமை மற்றவர்களின் ஒழுங்கிலிருந்தே தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

1988இல் சியோலில் தங்கமும் 1992இல் பார்சிலோனாவில் வெண்கலமும் வென்ற ஸ்ரோர்க் இடக்கைக்காரர். செற்றர் வழக்கமாக வலது தோளை வலைப்பக்கம் வைத்து நிற்பார். இடக்கைக்காரருக்கு அந்த நிலையிலிருந்தே இரண்டாவது பந்தை எதிர்ப்பக்கம் அறைந்துவிட முடியும். அவர் எழுப்பப் போகிறாரா, அடிக்கப் போகிறாரா என்று தெரியாமல் தடுப்பாளர் தரையிலேயே நின்றுவிடுவார்.

லோய் போலும் கிறிஸ்டென்சனும்

உண்மையான ஒப்பீடு இந்த இருவருக்கும் இடையில்தான். போல் 1972இல் பிறந்தவர், உயரம் 2.03 மீற்றர். ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர் உயரம். இவ்வளவு உயரமான செற்றர் முன்வரிசைக்கு வரும்போது எதிரணியின் முக்கிய அடிப்பவர் அவர் தலைக்கு மேலால் லேசாக அடித்துவிட முடியாது. மற்ற அணிகளுக்குச் செற்றர் முன்வரிசையில் நிற்கும் மூன்று சுற்றுகளும் பலவீனமான நேரம். போலின் அணிக்கு அப்படி இல்லை.

ஆனாலும் அவருடைய கதை நீண்ட காத்திருப்பின் கதை. 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லை. 2000இல் சிட்னியில் ஒரு போட்டியிலும் வெல்லாமல் திரும்பினார்கள். நான்காவது முறை, 2008இல் பீஜிங்கில், 36 வயதில், பிரேசிலை 3–1 என்று வென்று தங்கம் எடுத்தார். அந்தப் போட்டிகளின் தொடக்கத்தில் பயிற்றுநர் ஹியூ மக்கச்சனின் மாமனார் பீஜிங் நகரில் கத்திக்குத்தில் கொல்லப்பட்டார். பயிற்றுநர் குடும்பத்தோடு இருக்க வேண்டிய அந்த நாட்களில் அணி குலைந்துவிடவில்லை. களத்தில் அதைப் பிடித்துவைத்த கைகளில் போலின் கைகள் முக்கியமானவை.

கிறிஸ்டென்சன் 1993இல் ஹொனலூலுவில் பிறந்தவர். போலை விடச் சற்று உயரம் குறைவு, ஆனால் வேகம் அதிகம். பந்து வலையை விட்டு விலகி வந்தாலும் நடுவில் ஓடிவரும் வீரருக்குத் தட்டையாக, வேகமாகக் கொடுப்பார். அந்தத் துணிச்சல் போலின் காலத்து ஆட்டத்தில் அரிது. சேர்விலும் அவர் ஆபத்தானவர். 2015 உலகக் கிண்ணத்தை அமெரிக்கா வென்றபோது சிறந்த செற்றர் விருது அவருக்கே கிடைத்தது. 2018 உலகச் சம்பியன்ஷிப்பிலும் அப்படியே. 2016 றியோவில் வெண்கலத்துக்கான போட்டியில் ரஷ்யாவிடம் 0–2 என்று பின்தங்கி, 3–2 என்று வென்ற அணியின் செற்றர் அவர். 2024 பரிஸிலும் வெண்கலம். ஆனால் ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை.

என் கணிப்பில், கைகளின் தொழில்நுட்பத்தில் கிறிஸ்டென்சன் மேலானவர். அணியைத் தோளில் தூக்கி நிறுத்துவதில் போல். தங்கப் பதக்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் கிறிஸ்டென்சனுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர் ஆடிய காலத்தில் போலந்தும் பிரான்ஸும் இத்தாலியும் பிரேசிலும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தன.

இருவருக்கும் பொதுவானதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போலின் தந்தை ஆர்ணி போல் கரப்பந்தாட்டப் பயிற்றுநர். மகன் பல்கலைக்கழகத்தில் தந்தையின் அணியிலேயே விளையாடினார். கிறிஸ்டென்சன் ஹவாயில் விளையாட்டுக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். றியோவில் அவருக்கு அடுத்த செற்றராக இருந்த கவிக்கா ஷோஜியின் தந்தை, ஹவாய்ப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயிற்றுவித்த டேவ் ஷோஜி. இப்போது அமெரிக்கர்களை வென்ற நிக்கலோவின் தந்தையும் பல்கேரியாவின் நட்சத்திர வீரர். செற்றர் வீட்டிலும் ஊரிலும் விளைகிறார்.

சங்கிலியும் அறுபடவில்லை. 1996இல் ஸ்ரோர்க்கும் போலும் ஒரே அணியில். 2004இல் போலும் சுக்ஸோவும். 2024இல் கிறிஸ்டென்சனுக்குப் பக்கத்தில் மைக்கா மா. அடுத்த வரிசையில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு 2023, 2024 ஆண்டுகளில் கல்லூரிப் பட்டம் வென்று கொடுத்த அன்ட்ரூ றோவன் நிற்கிறார். 2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் வரும்போது கிறிஸ்டென்சனுக்கு 35 வயதாகும். இப்போது ஆண்கள் அணியின் பயிற்றுநராகியிருப்பவர், 1984இல் ட்வோராக்குக்குப் பந்தைத் தாங்கிக் கொடுத்த அதே கார்ச் கிராய்.

பணத்தால் மட்டும் வந்ததல்ல இது. அமெரிக்காவில் ஆண்கள் கரப்பந்தாட்டம் ஓரத்து விளையாட்டு. பல ஆண்டுகளாக ஒரு கல்லூரி அணிக்கு நாலரைப் புலமைப்பரிசில்கள்தான் அனுமதிக்கப்பட்டன. படிப்பு முடிந்ததும் வீரர்கள் இத்தாலிக்கும் போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் பிழைக்கப் போகிறார்கள். போலும் கிறிஸ்டென்சனும் வெவ்வேறு காலங்களில் ரஷ்யாவின் கசான் நகர அணிக்கு ஆடியவர்கள். சுக்ஸோ அல்பேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஓரத்து விளையாட்டு, புலம்பெயர்ந்த வாழ்வு, வெளிநாட்டுப் பிழைப்பு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. எங்களிடம் இல்லாதது அந்தச் சங்கிலி.

நாவுலவிலிருந்து பார்க்கும்போது

நான் இதை எழுதுவது மாத்தளை மாவட்டத்தின் நாவுலவிலிருந்து. ஏ9 வீதி இந்த ஊருக்குள்ளால்தான் தம்புள்ளைக்கும் அப்பால் யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. 1983க்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னிக்குப் போன பாதையும் இதுதான். வன்னியில் பிறந்த நான் வேலை தேடி எதிர்த்திசையில் வந்திருக்கிறேன்.

இங்கே பின்னேரங்களில் வயலோரத்தில் வலை கட்டி ஆடாத கிராமம் குறைவு. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் இரவிரவாகப் போட்டிகள் நடக்கும். 1916இல் கொழும்பு வைஎம்சிஏ மூலம் இலங்கைக்கு வந்த கரப்பந்தாட்டம் 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அது வெறும் அறிவிப்பு அல்ல என்பதை இந்த வயலோரங்களில் காணலாம்.

இங்குள்ள ஒரு சிங்கள இளைஞனுக்கு நல்ல கை இருந்தால், அவனுக்கு முன்னால் ஒரு பாதை தெளிவாகத் தெரியும்: பாடசாலை அணி, மாவட்ட அணி, பிறகு இராணுவம், கடற்படை, விமானப்படை அல்லது பொலிஸ் அணி. உள்நாட்டுக் கரப்பந்தாட்டத்தின் முதுகெலும்பு முப்படைகளின் அணிகளும் துறைமுக அதிகாரசபை போன்ற சில அரச நிறுவனங்களின் அணிகளும்தான். மாதச் சம்பளம், தங்குமிடம், முழுநேரப் பயிற்சி, ஓய்வூதியம் எல்லாம் அங்கே கிடைக்கும். வறுமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெரிய விடயம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஒரு பையனுக்கு அதே பாதையைக் காட்ட முடியுமா? காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடி வீதியோரத்தில் இருக்கும் ஒரு தாயிடம், உன் மற்ற மகனுக்கு நல்ல கை இருக்கிறது, படை அணியில் சேர்த்துவிடு என்று யார் சொல்வது? சட்டம் எந்தக் கதவையும் பூட்டவில்லை. ஆனால் எந்தக் கதவு வழியாக உள்ளே போகவேண்டும் என்பதே எங்களுக்குத் தடையாகிவிடுகிறது. மாத்தளை, இறத்தோட்டைத் தோட்டப்புறங்களில் உள்ள பிள்ளைக்குத் தடை வேறு: லயன்களுக்கு நடுவில் சமதரையான ஒரு மைதானமே இல்லை.

அறுந்த இடம்

வடக்கில் கரப்பந்தாட்ட ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஊர்க் கழகங்கள் இருக்கின்றன, கோயில் திருவிழாக் காலங்களில் போட்டிகள் இருக்கின்றன. எங்களுக்கென்று 'ஓவர் கேம்' என்ற ஆட்டமும் உண்டு. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் என்று புலம்பெயர்ந்த இடங்களுக்கும் அதை எடுத்துச் சென்றிருக்கிறோம். அது எங்கள் மண்ணின் ஆட்டம், விட்டுவிட வேண்டியதல்ல. ஆனால் செற்றர் என்ற தனிப் பொறுப்புக்குச் 'செற்றப் கேம்'மில் உள்ள கனம் அதில் இல்லை. சர்வதேச ஆட்டம் செற்றப் கேம்.

யுத்தம் செய்தது இன்னொன்று. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அணியின் செற்றர் என்னை விட ஒரு வயது மூத்தவர். அடுத்த மூன்று வருடங்களில் இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் அவர் வேறு வேறு பிள்ளைகளோடு ஆடினார். ஓரிடத்தில் வலை இருந்தால் பந்து இல்லை. பந்து இருந்த இடத்தில் அவருடைய பழைய அடிப்பவர்கள் இல்லை. முகாமில் இருந்து வெளியே வந்தபோது அவர் குடும்பத்தைப் பார்க்கவேண்டிய மகனாகிவிட்டார். எங்களுக்குப் பயிற்சி தந்த ஆசிரியரும் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையை வாசிப்பவர்களில் பலருக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வரும். இழந்த உயிர்களின் கணக்குக்கு முன்னால் ஒரு விளையாட்டு வீரனின் இழந்த வருடங்கள் சிறியவை. ஆனால் ஸ்ரோர்க் போலுக்கும், போல் சுக்ஸோவுக்கும் பக்கத்தில் நின்றதுபோல எங்கள் செற்றருக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் நிற்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஓர் இளையவரும் நிற்கவில்லை. யுத்தம் முடிந்து பிறந்த பிள்ளைகள் இப்போது பதினாறு வயதைத் தொடுகிறார்கள். செற்றருக்கான கைகள் இருந்தாலும் அவற்றைப் பார்த்து அறியும் கண்கள் குறைவு.

செய்யக்கூடியவை

முதலாவது, பணத்தின் திசை. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்ப் போட்டிகளுக்குக் கிண்ணமும் பணப்பரிசும் அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கு, ஒரே பயிற்றுநரை ஒரே ஊரில் ஐந்து வருடம் சம்பளத்தோடு வைத்திருக்கப் போகவேண்டும். கிண்ணம் ஒரு நாளுக்கு. செற்றர் உருவாக ஐந்து வருடம் போதாது.

இரண்டாவது, படைகளுக்கு வெளியே ஒரு பாதை. அரச வங்கிகள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் அணிகளில் வேலையோடு விளையாட இடம் கேட்பது அரசியல் கோரிக்கைதான். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் விளையாட்டு அமைச்சிடம் இதைக் கேட்கலாம். தேசிய விளையாட்டு என்றால் தேசிய அணிக்குப் போகும் வழி சீருடைக்குள்ளால் மட்டும் இருக்கக்கூடாது.

மூன்றாவது, பழைய வீரர்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் அவர்கள் கிழமையில் இரண்டு பின்னேரம் பாடசாலை மைதானத்துக்குப் போனாலே அறுந்த கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டதாகும்.

அமெரிக்கர்கள் போலா, கிறிஸ்டென்சனா என்று இன்னும் நெடுநாள் வாதாடுவார்கள். இருவரும் தத்தம் ஊரில் இருந்து, ஒரே விளையாட்டை, தடையில்லாமல் கற்று வளர்ந்தார்கள் என்பது அவர்களுக்கு வாதமே அல்ல, இயல்பான ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கும் அது இயல்பாகும் நாளைத்தான் நாங்கள் கேட்கவேண்டும்.