யானையும் மணியோசையும்



ஆண்டுதோறும் டிசம்பர் 4-ம் தேதி நம் நாட்டில் கடற்படை தினம் கொண்டாடப்படுகிறது. பொது அறிவுப் போட்டிக்காக இந்தத் தேதியை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால், அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று யோசித்திருக்கிறீர்களா?

1971-ம் ஆண்டு, இந்தியா - பாகிஸ்தான் போரின்போது, அந்த ஒரே தேதியில் நள்ளிரவில் ஒன்று, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என மூன்று சம்பவங்கள் கடலில் நடந்தன. இன்று பெரிய நாடுகளின் கடற்படைகள் எல்லாம் விவாதித்துக் கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு, அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி இதுதான்: விமானந்தாங்கிக் கப்பல் என்னும் கடல் யானை இனிமேலும் போரில் உதவுமா? இல்லை, எதிரி சுலபமாக அடித்து வீழ்த்தும் இலக்காகிவிடுமா?

மிதக்கும் விமான நிலையம்

முதலில் அந்த யானையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கொச்சியில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த புதிய ஐ.என்.எஸ். விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். அகலம் 62 மீட்டர். மேல்தளம் இரண்டு கால்பந்து மைதானங்கள் அளவுக்குப் பரந்தது. சுமார் 1,600 பேர் அதில் தங்கி வேலை பார்க்கலாம். ஏறக்குறைய 30 விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் சுமக்கும். கட்டி முடிக்க ஆன செலவு சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய்!

தரையில் போர் விமானம் பறக்க நீளமான ஓடுபாதை வேண்டும். கப்பலில் அதற்கு இடம் ஏது? அதனால் விக்ராந்தின் முன்பகுதியை மேல்நோக்கி வளைத்திருக்கிறார்கள். சுமார் 200 மீட்டர் ஓடி, அந்த மேட்டில் ஏறினால் விமானம் வானத்துக்குத் தாவிவிடும். இறங்கும்போது, விமானத்தின் வால் பக்கமுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில விநாடிகளில் விமானம் நின்றுவிடும்.

இப்போது 1971-க்குப் போவோமா?

நள்ளிரவில்...

அப்போது நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் பழைய விக்ராந்த். அதன் கொதிகலனில் விரிசல் வேறு. முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி மூழ்கடிப்பதற்காக பாகிஸ்தானின் 'காஸி' என்ற நீர்மூழ்கிக் கப்பல், நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்கு வந்தது.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? பெரிய கப்பலுக்கும் மணியோசை உண்டு. அது அனுப்பும் கம்பியில்லாத் தந்திச் செய்திகள், அதற்காக வாங்கும் அரிசி, காய்கறி, எண்ணெய் எல்லாமே அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நம் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? யானையின் கழுத்து மணியைக் கழற்றி வேறொன்றுக்குக் கட்டிவிட்டார்! விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்தார். 'ராஜ்புத்' என்ற பழைய போர்க்கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அனுப்பி, விக்ராந்த் பேசுவது போலவே செய்திகளை அனுப்பச் சொன்னார். பெரிய கப்பல் கூட்டம் வரப் போகிறது என்று விசாகப்பட்டினத்தில் உணவுப் பொருள்களுக்குச் சொல்லி வைத்தார். விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, உடம்பு சரியில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பது போல ஒரு தந்திகூட அனுப்பப்பட்டது.

காஸி ஏமாந்தது. விசாகப்பட்டினத்துக்குப் போய்க் காத்திருந்தது. டிசம்பர் 3 முடிந்து 4 பிறக்கும் நள்ளிரவு நேரத்தில் அங்கே கடலுக்குள் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. காஸி மூழ்கிவிட்டது. ராஜ்புத் வீசிய குண்டுகளால் மூழ்கியது என்கிறது இந்தியா. உள்ளே நேர்ந்த வெடிவிபத்து என்கிறது பாகிஸ்தான். அதில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பகலில்...

அதே நாள், ஒளிந்திருந்த யானை வெளியே வந்தது. விக்ராந்திலிருந்து கிளம்பிய 'ஸீ ஹாக்' விமானங்கள், இன்று வங்கதேசமாக இருக்கும் பகுதியின் காக்ஸ் பஜார், சிட்டகாங் நகரங்களின் துறைமுகத்தையும் விமான தளங்களையும் தாக்கின. அடுத்தடுத்த நாள்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. அங்கிருந்த பாகிஸ்தான் படைக்குக் கடல்வழியாக உதவி வரவும் முடியவில்லை. தப்பிப் போகவும் முடியவில்லை. டிசம்பர் 16-ம் தேதி அந்தப் படை சரணடைந்தது.

விமானந்தாங்கிக் கப்பலின் பெருமை இதுதான். தரையில் இருக்கும் விமான தளம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதுவோ நாம் விரும்பும் இடத்துக்கு நகர்ந்து போகும். இன்னொரு நாட்டிடம் இடம் கேட்டு நிற்க வேண்டியதும் இல்லை.

இரவில்...

அன்று இரவு, நாட்டின் மறுபக்கத்தில், 'நிபாத்', 'நிர்காட்', 'வீர்' என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கின. ஒவ்வொன்றும் விக்ராந்தின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்! ஆனால், அவை ஏவிய ஏவுகணைகள் 'கைபர்' என்ற பெரிய போர்க்கப்பலையே மூழ்கடித்தன.

நாம் டிசம்பர் 4-ஐக் கடற்படை தினமாகக் கொண்டாடுவது இந்தக் கராச்சித் தாக்குதலுக்காகத்தான். பார்த்தீர்களா? சிறிய படகுகளுக்குத்தான் விழா!

ஒரே நாளில் கிடைத்த பாடங்களைக் கூட்டிப் பாருங்கள். இருக்கும் இடம் தெரியாதவரை யானைக்குப் பலம். குறி பார்க்கத் தெரிந்தால், சிறியதும் பெரியதைச் சாய்த்துவிடும்.

இன்று மணியை மறைக்க முடியுமா?

முடியும் என்று சொல்வது கஷ்டம். வானத்திலிருந்து செயற்கைக்கோள்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆளில்லா விமானங்கள் சுற்றுகின்றன. பொய்த் தந்தி ஒன்றை அனுப்பி அவற்றை ஏமாற்ற முடியாது.

ஆயுதங்களும் மாறிவிட்டன. தரையிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்து கப்பலைத் தாக்கக்கூடிய ஏவுகணைகளைச் சீனா வைத்திருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலின் போர் விமானங்களால், நடுவானில் எரிபொருள் நிரப்பாமல், அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர முடிவதில்லை. அப்படியானால் கப்பல் ஆபத்தான எல்லைக்குள் போனால்தான் அதன் விமானங்களுக்கு வேலை. வெளியே நின்றால் பத்திரம், ஆனால் பயன் இல்லை. இதுதான் இன்றைய சிக்கல்.

2022 ஏப்ரலில் கருங்கடலில் ரஷ்யாவின் 'மாஸ்க்வா' என்ற பெரிய போர்க்கப்பல் மூழ்கியது. கரையிலிருந்து இரண்டு ஏவுகணைகளை ஏவி அதைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. தீ விபத்து என்றது ரஷ்யா. மாஸ்க்வா விமானந்தாங்கிக் கப்பல் அல்ல. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த கடற்படைத் தளபதிகள் எல்லோரும் தங்கள் பெரிய கப்பல்களை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பார்கள்.

நம் நாட்டிலும் இந்த விவாதம் நடந்தது. நமக்கு இப்போது விக்ரமாதித்யா, விக்ராந்த் என்று இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் உண்டு. மூன்றாவது வேண்டும் என்று கடற்படை கேட்டது. 2020-ல் முப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத், கடலின் மேற்பரப்பில் இருப்பதைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும், ஏவுகணை அடித்துவிடும், அதனால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கே முதலிடம் தர வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

அப்படியென்றால் யானையின் காலம் முடிந்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விக்ராந்த் மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர் வேகத்தில் போகும். செயற்கைக்கோள் அதைப் பார்த்த அரை மணி நேரத்தில் அது 26 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். எந்தத் திசையில் என்று எதிரிக்குத் தெரியாது. 26 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் வரையுங்கள். அதன் பரப்பளவு 2,100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்கு! அந்த இடத்துக்குள் எங்கேயோ கப்பல் இருக்கும். பார்த்தால் மட்டும் போதாது, ஏவுகணை வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அந்தக் கண்ணைக் கட்டிவிட்டால் ஏவுகணைக்கும் வழி தெரியாது.

ஆனால், அந்தக் கண்ணைக் கட்டுவது யார்? பாய்ந்து வரும் ஏவுகணையைத் தடுப்பது யார்? அடியில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைத் துரத்துவது யார்? யானை மட்டும் தனியாக இதையெல்லாம் செய்ய முடியாது. கூடவே போகும் போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகள், ஹெலிகாப்டர்கள் எல்லாம் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

துணை இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

மட்டக்களப்புக் கடலில்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9-ம் தேதி, இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்து அங்கிருந்து கிளம்பிய கப்பல் அது. பெயர்தான் விமானந்தாங்கி. அன்று அதில் ஒரு போர் விமானம்கூட இல்லை! துணைக்கு வந்த போர்க்கப்பல்களும் மிகக் குறைவு. ஜப்பானிய விமானங்கள் கூட்டமாக வந்து குண்டு வீசின. சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது.

அன்று குண்டு வீசிய விமானங்கள் எங்கிருந்து வந்தன? அவையும் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தவைதான். அந்த ஜப்பானியக் கப்பல்களில் மூன்று, இரண்டே மாதத்தில், பசிபிக் கடலில் நடந்த மிட்வே போரில் மூழ்கின. அவற்றை மூழ்கடித்தவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்!

ஆகவே, 'பெரிய கப்பல் வேண்டுமா, வேண்டாமா?' என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காது. 'அது யாரோடு போகிறது? எதற்காகப் போகிறது?' என்றும் கேட்க வேண்டும். விக்ராந்த் 2022-ல் வந்தது. அதற்கென்று 26 ரஃபேல் கடற்படை விமானங்களை வாங்க 2025 ஏப்ரலில்தான் ஒப்பந்தம் போடப்பட்டது. கப்பலுக்கு ஏற்ற விமானங்கள், காவலுக்குக் கப்பல்கள், நீர்மூழ்கிகள் எல்லாம் நிறைவாக இருந்தால்தான் இருக்கும் யானைகள் பலமாக இருக்கும். மூன்றாவது யானையை வாங்குவதற்கு முன்னால், இரண்டு யானைகளுக்கும் வேண்டிய துணைகளைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம் என்பது நம் கருத்து.

போர் இல்லாதபோதும் யானைக்கு வேலை உண்டு. 2004-ல் சுனாமி வந்ததே, அப்போது இந்தோனேஷியாவின் ஆச்சே பகுதியில் சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அமெரிக்காவின் 'ஆபிரகாம் லிங்கன்' விமானந்தாங்கிக் கப்பல் அங்கே போய் நின்றது. அதன் ஹெலிகாப்டர்கள் தண்ணீரையும் உணவையும் கொண்டுபோய்க் கொடுத்தன. காயம்பட்டவர்களை ஏற்றி வந்தன. எந்த ஏவுகணையாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது அல்லவா?

கடைசியாக ஒன்று. விசாகப்பட்டினத்துக் கதையில் வந்த தந்தி நினைவிருக்கிறதா? தாயை விசாரித்த அந்த மாலுமி கற்பனை. ஆனால் காஸியோடு மூழ்கிய 90-க்கும் மேற்பட்டவர்கள் கற்பனை அல்ல. ஹெர்மிஸில் இறந்தவர்களும் கற்பனை அல்ல. அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் வீட்டில் ஒரு தாய் காத்திருந்திருப்பார். கப்பலின் நீளத்தையும் ஏவுகணையின் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்லதுதான். அதற்குள் இருக்கும் மனிதர்களையும் மறக்காதீர்கள். போர் வராமல் காப்பதுதான் எந்தப் போர்க்கப்பலுக்கும் மிகப் பெரிய வெற்றி.

அடுத்த கடற்படை தினத்தன்று உங்கள் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடத்துங்களேன். ஓர் அணி யானைக்காகப் பேசட்டும். இன்னோர் அணி சிறிய படகுகளுக்காகப் பேசட்டும். தீர்ப்புச் சொல்லும்முன் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!

அன்புடன்,
ஆசிரியர்