தவிடு போட்டா பிராய்லர் வளருமா?

"கம்பெனித் தீவனமே வேண்டாம், தவிடும் புண்ணாக்கும் போதும்"னு ஏதோ வீடியோவுல சொன்னாங்களாம். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்து, போடலாமாண்ணேன்னு கேட்டார். போட்டு நொந்தவன் நான். அதனால எழுதுறேன்.

ராசிபுரம் பக்கம் எனக்கு நாலு ஏக்கர். கம்பெனி ஒப்பந்தம் இல்லாம சொந்தமா 300 பிராய்லர் வளர்க்கிறேன். செலவுல பெரும்பங்கு தீவனம்தான். மக்காச்சோளம் எத்தனாலுக்கும் போகுது. நம்ம ஊர்லயோ மில்லுல தவிடு, குருணை, செக்குல புண்ணாக்கு, சேகோ ஆலையில திப்பின்னு எல்லாம் கிடக்கு. அதைக் கோழிக்குப் போடணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. முழுசா அதையே போடுங்கறதுதான் தப்பு.

நாட்டுக்கோழி மேஞ்சு தின்னு மெதுவா வளர்ந்தா போதும். பிராய்லர் 40 நாள்ல ரெண்டு கிலோவாவது வரணும். தவிட்டு நார் அதுக்குச் செரிக்காது. வயிறு ரொம்பும், எடை ஏறாது. பத்து நாள் கூடப் போச்சுன்னா மிச்சம் பிடிச்ச காசு அதுலயே கரைஞ்சிடும்.

மூணு வருஷம் முந்தி, மழைக்காலத்துல கடலைப் புண்ணாக்கு மலிவா வந்துச்சு. லேசாப் பூசண வாடை. காயவெச்சாச் சரியாயிடும்னு நினைச்சேன். காயவெச்சா வாடைதான் போகும், பூசணத்தோட நஞ்சு போகாது. அறுபது கோழிக்கு மேல செத்துச்சு. டாக்டர் ஒண்ணை அறுத்து, ஈரல் வெளுத்து வீங்கிக் கிடந்ததைக் காட்டினார். அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் சாப்பிடல.

இப்போ என் கணக்கு இதுதான். முதல் ரெண்டு வாரம் குஞ்சுத் தீவனம் மட்டும். அப்புறம் சோளத்துல ஒரு பங்கைக் குறைச்சு குருணை. தவிடு நூத்துக்குப் பத்துக்கு மேல கிடையாது, அதுவும் அரைச்ச வாரத்துக்குள்ள, இல்லன்னா சிக்கு வாடை வந்துடும். திப்பியில புரதம் கிடையாது. நல்லாக் காஞ்சது கொஞ்சம் சேர்ப்பேன், அதை நம்பி சோயாவைக் குறைக்க மாட்டேன்.

என் மச்சான் ஒப்பந்தத்துல வளர்க்கிறார். அவங்க தர்ற தீவனம்தான், ஒரு பிடி தவிடு கலக்க உரிமையில்ல. வீடியோக்காரங்க இதைச் சொல்றதே இல்ல.

நாமக்கல் கால்நடைக் கல்லூரியில தீவனம் சோதிக்கிற ஆய்வகம் இருக்கு. அன்னிக்கு ஒரு கைப்பிடி புண்ணாக்கை அங்க கொண்டுபோயிருக்கணும். தம்பி ஏற்கனவே நாலு மூட்டை வாங்கி அடுக்கிட்டாராம். நாளைக்குப் போய் முதல்ல அதைப் பிரிச்சு மோந்து பார்க்கணும்.