மா அறியா மாக்கள்

ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நின்று பொருள் தருவது ஓரெழுத்தொருமொழி. அத்தகைய சொற்கள் 42 என்று நன்னூலார் 13-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துரைத்தார். மகர வரிசையில் மட்டும் மா, மீ, மூ, மே, மை, மோ என ஆறு உள. அவற்றுள் ‘மா’ ஒன்றே தமிழின் சொல்வளத்துக்குச் சான்று கூறப் போதும். அச்சொல்லை வடமொழியினின்று இரந்து பெற்றது என்பாரும், அதனை அறியாமலே பட்டம் பெறுவாரும் இந்நாட்டில் மலிந்துவிட்டனர்.

மரமாகிய மா வேறு. விலங்காகிய மா வேறு. இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் உயிர்மயங்கியலிலேயே காட்டினார். மரப்பெயர் மெல்லெழுத்துப் பெற்று மாங்கோடு என்றாகும். விலங்கின் பெயர் னகரவொற்றுப் பெற்று மான்கோடு என்றாகும். முன்னது மரக்கிளை, பின்னது விலங்கின் கொம்பு. ஓர் ஒற்றால் இரு பொருளையும் பிரித்துக் காட்டும் நுட்பம் இது.

அரைத்த பொடியும் மா. தமிழகத்தார் அதனை மாவு என்று நீட்டிவிட்டனர். ஈழத்தார் இன்றும் அரிசிமா என்றே வழங்குகின்றனர். கீழ்வாயிலக்கத்தில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. ஒரு வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்காகிய 100 குழியும் மா. தஞ்சை உழவர் வாயில் இவ்வளவை இன்னும் வாழ்கின்றது. மாங்காயோ கடல் கடந்து, போர்ச்சுக்கீசியர் வாயில் மங்காவாகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. உலகுக்குச் சொல் ஈந்த மொழியையே இரவலாளி என்பது எவ்வளவு பெரிய கொடுமை!

‘பெரிய’ என்னும் பொருளில் வரும் மா, ‘மகா’ என்பதன் சிதைவு என்பர் சிலர். மகாநாடு என்றெழுதியதைத் தமிழுணர்வாளர் மாநாடு எனத் திருத்தியபோது, இரண்டும் ஒன்றுதானே என்று நகைத்தவரும் அவரே. கழக நூல்களில் மாமலையும் மாக்கடலும் பயின்று வருகின்றன. பட்டினப்பாலைத் தலைவன் கரிகாலன் திருமாவளவன் எனப் பெற்றான். மாண், மாண்பு, மாட்சி, மால் என்னும் இனச்சொற்கள் அதனைச் சூழ நிற்கின்றன. இரவற்சொல்லுக்கு இத்துணைச் சுற்றம் ஏது? திருமகளைக் குறிக்கும் மா வடசொல்லே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. பிறர் பொருள் பிறர்க்கே ஆகுக. தம் பொருளையும் பிறர்க்கு எழுதிக்கொடுப்பதே பேதைமை.

இச்சொல்லின் விளையாட்டுத் திறமோ பெரிது. காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் வெண்பாவொன்று, முக்கால் தொடங்கிக் கீழ்வாயிலக்கப் பெயர்களை அடுக்கியே நிலையாமையை உணர்த்துகின்றது. அதில் இருமா பத்தில் ஒன்று, இருமுதலும் ஆம். மாகாணி பதினாறில் ஒன்று. பெருநிலமாகிய சுடுகாடும் ஆம். ஒருமா இருபதில் ஒன்று. கச்சி ஏகம்பத்து ஒற்றை மாமரமும் ஆம். கணக்கும் மெய்யுணர்வும் ஒரே பாட்டில் கைகோத்து ஆடுகின்றன.

இன்று நடப்பது என்ன? 1930-களில் அமெரிக்கரான ஆல்பிரெடு பட்சு அமைத்து, 1948-இல் ‘சுகிராபிள்’ எனப் பெயர் பெற்ற ஆங்கிலச் சொல்லாட்டத்தைத் தமிழ்ப் பெற்றோர் விலைகொடுத்து வாங்குகின்றனர். அதில் வெல்வதற்கு நூற்றுக்கு மேற்பட்ட ஈரெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்வோர் உளர். பொருள் தெரியாமலே ஆடினும் எண் கிடைத்துவிடும். ஆங்கிலம் கற்பதும் ஆடுவதும் குற்றமல்ல. அதற்கு நூறு சொல் கற்கும் பிள்ளைக்குத் தாய்மொழியின் 42 சொல்லைக் கற்பிக்காமையே குற்றம்.

“ஒருமா நிலத்து மாமா நிழலில் மா நின்றது” என்று கரும்பலகையில் எழுதி, நான்கு மாவுக்கும் பொருள் கேட்கட்டும் தமிழாசிரியர். நிலவளவு, பெருமை, மரம், குதிரை எனப் பிள்ளைகள் போட்டியிட்டுக் கூறுவர். அதற்குப் பலகையும் வேண்டா, கட்டையும் வேண்டா, நாவொன்றே போதும்.

மக்கள் என்பதற்கும் மாக்கள் என்பதற்கும் இடையே உள்ளது ஒரு மாத்திரையே. தம் சொல்லைத் தாம் அறிந்தோர் மக்கள். அறியாதாரும் அறிய விரும்பாதாரும் யாரென்பதை அந்த ஒரு மாத்திரையே சொல்லும்.