பழைய கார் என்றால் ஒழுகத்தான் வேண்டுமா?

“பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா ஒழுகத்தான் செய்யும் தம்பி.” இந்த வசனத்தை ஒரு வருசத்துக்குள் நான்கு கராஜ்களில் கேட்டுவிட்டோம். சொன்ன நாலு பேரில் ஒருத்தர்கூட கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. எங்கள் சண்டை அந்த வசனத்தோடுதான்.

கார் ‘எங்களுடையது’ என்று பீத்திக்கொண்டாலும் புத்தகத்தில் இருப்பது எங்களில் ஒருவனின் பெயர். ஹந்தானையில் லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு கண்டி டவுனுக்கு டிங்கரிங் வேலைக்குப் போனவன். கார் 1990ஆம் வருசத்து யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா கம்பெனி 1989இல் விற்கத் தொடங்கிய, ரெண்டே சீட், ஹூட்டை மடக்கிப் பின்னால் போடுகிற சின்ன வண்டி. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் ஓட்டை வேனுக்குக்கூட வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். இது மட்டும் ஒரு ஷெட்டில் மலிவாகக் கிடந்தது. காரணம், சீட்டுக்குக் கீழே தண்ணி.

லயத்துப் பொடியனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் தோழர்கள் அதையே கொஞ்சம் படித்த பாசையில் கேட்டார்கள். அவன் இத்தனை வருசமாக ஊரான் கார்களின் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது எதுக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது போகட்டும், விசயத்துக்கு வருவோம்.

முதல் கராஜில் சிலிக்கன் அடித்தார்கள். கண்ணாடி ஓரம், ஹூட் ஓரம், கதவு மூலை, எங்கெல்லாம் இடுக்கு தெரிந்ததோ அங்கெல்லாம். மழை வந்தது, தண்ணியும் வந்தது. அடுத்த கராஜில் அதற்கு மேலேயே இன்னொரு பூச்சு. கடையில் மலிவாகக் கிடைக்கிற, வினிகர் வாடை வருகிற சிலிக்கன் காயும்போது அமிலத்தை வெளியே விடும். பெயிண்ட் போன தகரத்தில் பட்டால் துரு பிடிக்கும். பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் ஒட்டாது. இது டிங்கரிங் பாஸ்மாருக்குத் தெரியாத சங்கதி இல்லை. தேடுவதற்கு ஒரு நாள் வேணும், பூசுவதற்குப் பத்து நிமிசம் போதும். பில் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு.

மூன்றாவது கராஜ் கொஞ்சம் நல்ல மாதிரி. பைப் பிடித்துத் தண்ணி அடித்துப் பார்த்து, “ஒழுகலையே” என்றார்கள். உண்மைதான், டவுனில் ஒழுகவில்லை. அவர்கள் கராஜின் தரை சமதரை. எங்கள் வீட்டு வாசலில் கார் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சரிவில் நிற்கும். தண்ணிக்கு வைத்த வாய்க்காலும் துளையும் கார் சமமாக நிற்கும் என்ற கணக்கில் வைத்தவை. ஹந்தானைச் சரிவில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. காரை வீட்டில் நிற்கிற மாதிரியே நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும் என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

நான்காவது இடத்தில் “கார்பெட்ட கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க” என்றார்கள். அந்தப் புத்திமதியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சீட்டையும் கார்பெட்டையும் நாங்களே கழற்றினோம். ஓட்டவில்லை, தேடினோம்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேடும் முறையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையில் கூரை ஒழுகினால் சட்டியை வைப்போம். வெயில் வந்ததும் கதவைச் சாத்தி வீட்டை இருட்டாக்கி அண்ணாந்து பார்த்தால், ஆணி ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரித் தெரியும். சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறு. தண்ணி கம்பு வழியாக நடந்து வந்துதான் விழும் என்பது எங்கள் அம்மாமாருக்கு அத்துபடி. காரிலும் அதையே செய்தோம். ராத்திரியில் ஒருவன் உள்ளே உட்கார, மற்றவன் வெளியிலிருந்து ரப்பர் ஓரமெல்லாம் டோர்ச் அடித்தான். கதவு ரப்பருக்குள் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தோம். இறுகப் பிடித்தால் ரப்பர் நல்லது, வழுக்கி வந்தால் அந்த இடம் செத்துப்போனது. பிறகு தரைத் தகரத்தைத் துடைத்து, முகப் பவுடரைத் தூவிவிட்டு மெல்லிய தண்ணி. கீழேயிருந்து ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒரு இடம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிசம். சேர்விஸ் ஸ்டேசன் பிரசரில் அடித்தால் நல்ல ரப்பரும் ஒழுகும், ஒன்றும் தெரியாது.

பவுடரில் கோடு விழுந்தது சீட்டுக்குப் பின்னாலிருந்து. இந்தக் காரில் ஹூட்டின் பின் அடியில் ஒரு வாய்க்கால் உண்டு. மழைத்தண்ணி அதில் சேர்ந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணருகே குழாயில் இறங்கி, பின் டயருக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இடப்பக்கக் குழாய் நிறையப் பைனஸ் இலை. ஹந்தானை மலையில் பைனஸ் காட்டுக்குக் குறைவில்லை, அந்த ஊசி இலை எந்தத் துளையையும் விடாது. வலப்பக்கத்தில் இலையே இல்லை. அங்கே இருந்தது சிலிக்கன். தண்ணி வெளியே போகிற வழியை, உள்ளே வருகிற ஓட்டை என்று நினைத்து எவரோ அடைத்திருந்தார்!

இதைச் சிரித்துக் கடக்க எங்களால் முடியவில்லை. போக வழியில்லாத தண்ணி உள்ளே வழிகிறது, கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டிக்குள்ளும் இறங்குகிறது. கூரை இல்லாத காரில் உடம்பின் பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு அந்தச் சில்லுக்குத்தான். அது உள்ளுக்குள் உக்கினால் வெளியே பெயிண்ட் பளபளக்கும், ஒரு நாள் பக்கவாட்டில் எவனாவது இடித்தால் உள்ளே இருப்பவனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கார்பெட் நாற்றம் அதில் சின்னக் கவலை.

குழாயை சைக்கிள் பிரேக் கேபிளால் மெதுவாகக் குத்திச் சுத்தம் செய்தோம். காற்று அடிக்கவில்லை, அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடலாம். கண்ணாடிக்கு முன்னால் வைப்பர் அடியில் இருக்கும் தொட்டியிலும் ஒரு பிடி இலை. சில்லின் அடித்துளைகளைத் திறந்தபோது வந்த தண்ணி தேத்தண்ணி நிறம்.

‘பழசுன்னா அப்பிடித்தான்’ என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அதே மஸ்டா 2017இல், இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரை ஜப்பானில் திரும்பப் புதுப்பித்துத் தருவதாக அறிவித்து, ஹூட் உட்பட பல பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. செய்தவனே ஒழுகட்டும் என்று விடவில்லை. நாங்கள் இந்த வசனத்தைக் கராஜில் மட்டும் கேட்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்து லயத்தின் கூரையைப் பற்றித் தோட்ட ஆபீசில் கேட்டாலும் பதில் இதேதான், அங்கே சிலிக்கனுக்குப் பதிலாகப் பொலித்தீன். வசனம் பழகிப்போய், நாங்களும் சட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். எங்களுக்குப் போனது ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டின் பவுடரும். நான்கு கராஜுக்குக் கொடுத்த காசில் நல்ல கதவு ரப்பரே வாங்கியிருக்கலாம்.

போன கிழமை விடிய விடிய மழை. காலையில் சீட்டுக்குக் கீழே வைத்த பேப்பர் காய்ந்திருந்தது. டிக்கியில் மட்டும் ஒரு கை தண்ணி, பற்றரி இருக்கிற பக்கம். பின் லைட்டின் ரப்பராக இருக்கும் என்கிறான் எங்கள் ஆள். ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம்.