இரும்பையே முறிக்கும் இத்தனூண்டு வாயு!

துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்ததும் பலருக்கு ஒரு யோசனை வரும். 'பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் கொஞ்ச நேரம் போட்டால் பளிச்சென்று ஆகிவிடுமே!'

ஆகும்தான். ஆனால், அப்போது குமிழ் குமிழாகக் கிளம்புகிறதே, அது ஹைட்ரஜன். பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கொஞ்சம் மட்டும் இரும்புக்குள்ளேயே புகுந்துவிடும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

1875-ம் ஆண்டிலேயே இதைக் கவனித்து எழுதியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஜான்சன். இரும்புக் கம்பியைச் சில நிமிடங்கள் அமிலத்தில் முக்கி எடுத்தார். அதற்கு முன் இரண்டு மூன்று முறை மடக்கி நிமிர்த்தினாலும் தாங்கிய கம்பி, இப்போது ஒரே மடக்கில் முறிந்தது. முறிந்த இடத்தை ஈரமாக்கினால் நுரை வந்தது! கம்பியைச் சும்மா விட்டுவைத்தால் பழைய பலம் மெள்ளத் திரும்பியது. சூடு காட்டினால் இன்னும் சீக்கிரமாகத் திரும்பியது.

கெட்டியான இரும்புக்குள் வாயு எப்படி நுழையும்? ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியாக நுழைய முடியாது. ஆனால், அமிலம் படும்போதும் ஈரத்தில் அரிக்கும்போதும் அது இரும்பின் மேல் ஒற்றை அணுவாக உருவாகிறது. மிகச் சின்ன அணு அது. அடுக்கிவைத்த ஆரஞ்சுப் பழங்களுக்கு இடையில் கடுகு உருண்டு போவதுபோல, இரும்பு அணுக்களின் சந்துகளில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குச் சூடுகூட வேண்டாம்.

எங்கே போய்ச் சேரும்? இழுபட்டு, அணுக்கள் சற்றே விலகியிருக்கும் இடத்தில். அதாவது, மரையின் பள்ளத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் நுனியில். அங்கே இரும்பின் பிடி தளர்கிறது. விரிசல் ஒரு அடி முன்னேறுகிறது. ஹைட்ரஜனும் பின்னாலேயே போகிறது. அதனால்தான் இன்று முறுக்கிய போல்ட், நாலு நாள் கழித்து யாரும் தொடாமலே 'டப்'பென்று முறிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. சாதாரண ஆணிக்கு இந்த ஆபத்து குறைவு. அது வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். மிக உறுதியாகச் செய்யப்பட்ட எஃகுதான் சட்டென்று முறியும்.

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே பே பிரிட்ஜின் புதிய கிழக்குப் பகுதியைக் கட்டியபோது, துத்தநாகம் பூசிய, 3 அங்குலத் தடிமனுள்ள 96 எஃகுத் தண்டுகளை 2013 மார்ச்சில் முறுக்கினார்கள். சில நாள்களுக்குள் 32 தண்டுகள் முறிந்துவிட்டன. அவை பொருத்தப்பட்ட துளைகளில் முன்பே தண்ணீர் தேங்கியிருந்தது. ஆராய்ந்தபோது அகப்பட்ட குற்றவாளி, ஹைட்ரஜன். நல்லவேளை, அப்போது பாலம் திறக்கப்படவில்லை. வேறு வகையில் பலப்படுத்திய பிறகு, செப்டம்பரில்தான் வண்டிகளை விட்டார்கள்.

தடுக்க வழி உண்டு. உறுதியான போல்ட்டுகளுக்கு மின்முலாம் பூசியதும், சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்துவிடுவார்கள். உள்ளே புகுந்த ஹைட்ரஜன் மெள்ள வெளியேறிவிடும். ஜான்சன் பார்த்த அதே சூட்டு வைத்தியம்தான்!

நாம் செய்ய வேண்டியது என்ன? போல்ட்டின் தலையைப் பாருங்கள். 10.9 அல்லது 12.9 என்று பொறித்திருந்தால், அது அதிக உறுதியான ரகம். அதை ஆசிட் பக்கமே கொண்டு போகாதீர்கள். லேசான துரு என்றால் கம்பி பிரஷ் போதும். பிரேக், சக்கரம் போன்ற உயிர் காக்கும் இடத்து போல்ட் துருப்பிடித்திருந்தால், யோசிக்காமல் புதுசு மாற்றிவிடுங்கள்.

பளபளப்பை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாமே!