திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து?

"கூகுள் இருக்கு, ஏஐ இருக்கு. பெறவு எதுக்குவே குறிப்பு நோட்டு?" மென்பொருள் எழுதுகிற பையன்களிடம் கேட்டால் பதில் இப்படித்தான் வரும். சரி, அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லும். யூனிகோடில் எண்ணினால் 12. மெய் தனி, உயிர்க்குறி தனி, புள்ளியும் தனி. அதையே யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 36 பைட். மூன்று விடையுமே சரி! இது தெரியாத ஒருவர் ஊர்ப்பெயருக்கு 20 பைட் போதும் என்று முடிவு செய்தால், 'திருநெ' என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அல்வா ஊரையே பாதியில் வெட்டியாச்சு :-)

அடுத்து கொக்கிரகுளம். 'கொ'வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு வடிவத்தில் சேமித்துவிட்டு இன்னொன்றில் தேடினால், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடத்தையே 'அப்படி ஒரு ஊர் இல்லை' என்று கணினி கைவிரித்துவிடும். தீர்வு ஒரே வரி: சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே வடிவத்துக்கு மாற்று. அந்த ஒரு வரி எத்தனை பேர் நோட்டில் இருக்கிறது?

நோட்டே இல்லை என்று சொல்ல முடியாது. பைத்தான் மொழிக்கு 2001 முதல் பெப் 8 என்ற எழுத்து மரபு இருக்கிறது. உள்தள்ள நான்கு இடைவெளி விடு என்கிறது. டேப்பா, ஸ்பேஸா என்று விடிய விடியச் சண்டை போடுகிற கூட்டமும் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் நிரல் எழுதுபவர் இன்னொரு நிரல் எழுதுபவருக்குச் செய்துகொடுக்கும் வசதி. கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

அவருக்கு இருப்பது 'ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்' என்ற இரண்டு பெட்டி. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுகிற ஊரில் லாஸ்ட் நேமுக்கு எங்கே போவது? ஒரு படிவத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலை விரித்து முழுப்பெயராக. நான்காவது படிவமோ 'ஒரே எழுத்தை ஏற்க முடியாது' என்று சிவப்பில் எச்சரிக்கும். முடிவில் கணினிக்கு ஒரே ஆள் மூன்று ஆள்! நிரல் எழுதியவர் எங்கோ ஏசி அறையில் இருப்பார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர் வேறு ஒருவர். 'பெயரை ஒரே பெட்டியில் வாங்கு, உடைக்காதே' என்று எழுதிவைக்காததன் விலை அந்த ஒரு நாள் கூலி.

இன்னும் இருக்கிறது. நெல்லையின் எஸ்டிடி கோடு 0462. அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போய் 462 ஆகிவிடும். 03-04-2020 என்பது இங்கே ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. பி.காம் பிள்ளைகளுக்கு உடனே உறைக்கும்: ஒன்று புது நிதியாண்டு, மற்றது பழையது! ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் 1988-லேயே வந்துவிட்டது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2020-04-03 என்று எழுதினால் குழப்பமே இல்லை. பணத்தைத் தசமப் புள்ளியோடு சாதாரண மிதவை எண்ணாக வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது 0.30000000000000004 வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வை. இருப்பாய்வு தானாக நேராகும்.

ஊர்ப்பெயரை நம்பியும் பிரயோசனமில்லை. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணை வெளியானது. சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரையே அடையாளமாக வைத்த மென்பொருள் ஒவ்வொரு முறையும் தடுமாறும். ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு டி-இ-என் என்ற குறியீடு போதும்.

கணக்குப்பிள்ளைகள் இதை எப்போதோ கற்றுக்கொண்டார்கள். 1494-ல் வெனிஸில் பாச்சோலியின் புத்தகம் இரட்டைப் பதிவு முறையை அச்சில் கொண்டுவந்தது. பேரேட்டில் பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம். 'ஏன், மாற்றிப் போட்டால் என்ன?' என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. அதனால்தான் ஒருவர் எழுதிய பேரேட்டை அவர் போன பிறகும் இன்னொருவர் படிக்க முடிகிறது. குறிப்பேட்டில் பதிவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு எழுதாவிட்டால் பரீட்சையில் மார்க் போகும். நிரலை மாற்றிவிட்டு 'ஃபிக்ஸ்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று எழுதுகிற பொறியாளருக்கு யார் மார்க் குறைப்பது?

கூகுளும் ஏஐயும் இருக்கிறதே என்ற வாதத்துக்கு வருவோம். தேடுவதற்கு முதலில் என்ன தேட வேண்டும் என்று தெரிய வேண்டாமா? இனிஷியல் ஒரு பிரச்சினை என்றே தோன்றாதவர் அதைப் பற்றி எந்த இயந்திரத்திடமும் கேட்கப்போவதில்லை. கேட்காததை அது சொல்லப்போவதுமில்லை. குறிப்பு நோட்டு விடைக்காக மட்டும் இல்லை, கேள்வியை ஞாபகப்படுத்துவதற்காகவும்தான்.

'இதையெல்லாம் பெரிய ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற சாக்கும் இனிச் செல்லாது. குற்றாலச் சாரல் அடிக்கும் தூரத்தில், தென்காசி மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோவில் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மார்தட்டுகிற ஊர் இது. பெயர், தேதி, பணம், எழுத்து, ஊர் என்று ஐந்து தலைப்பில் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி லேப் சுவரில் ஒட்ட எத்தனை நாள் ஆகும்?

ஒரு சாயங்காலம் போதும். முதல் வரியாக இதை எழுதுங்கள்: திருநெல்வேலி, 6 எழுத்து, 12 குறி, 36 பைட்.